பாட்டியின் மாத்திரையும் அப்பரின் சூலையும்

 

சித்திரைச் சதயம் அப்பர் பெருமானின் குருபூசை நாள். அன்றைக்கு நம்ம திருமுறை வகுப்பில் பேச வேண்டிய பெரியவருக்கு வேறு வேலை வந்துவிட்டதால், "நீயே பேசுப்பா, என்ஜினியரிங் படிக்கிற பையன்தானே, பேசமாட்டியா" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். என்ஜினியரிங்குக்கும் தேவாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் புரியல. எப்படியோ பேசினேன். அதை இதழுக்கு எழுதித் தரச் சொன்னபோதுதான் மனசு உறுத்தியது. அன்றைக்கு நான் ஒரு விஷயத்தை மறைத்துத்தான் பேசினேன். இங்கே மறைக்கப் போவதில்லை.

அப்பர் கதை நமக்கெல்லாம் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்த கதை. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், சமணம் சேர்ந்து தருமசேனர் ஆனார். பாடலிபுத்திரத்து மடத்தில், அதாவது இன்றைய கடலூர்ப் பக்கம், பெரிய பொறுப்பில் இருந்தபோது அவருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைக் குடைகிற வலி. மடத்தில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மந்திரம், மந்திரித்த தண்ணீர், மயிற்பீலி எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. சேக்கிழார் பெரியபுராணத்தில் இந்த வலியைச் சும்மா ஒரு வரியில் தாண்டிப் போகவில்லை. நின்று சொல்கிறார். வலி ஒரு மனுஷனை எப்படிச் சுருட்டிப் போடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் தருமசேனர் தன் சமையல்காரரை அக்கா திலகவதியாரிடம் அனுப்புகிறார். திலகவதியார் அப்போது திருவதிகையில் கோயில் கூட்டி, மெழுகி, பூமாலை கட்டிக்கொண்டு இருக்கிறார். அவருக்கு நிச்சயம் பண்ணியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோது, தானும் உயிரை விட நினைத்தவர். தம்பிக்காகத்தான் உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியோ வேறு மதம், வேறு வாழ்க்கை என்று போய்விட்டவர். செய்தி வந்ததும் அக்கா சொன்னது, "நான் அங்கே வரமாட்டேன்." இந்த இடத்தில் அக்கா ரொம்பக் கண்டிப்பானவர் என்று எனக்குப் பட்டதுண்டு. ஆனால் தம்பி ராத்திரியோடு ராத்திரியாகப் பாயையும் பீலியையும் போட்டுவிட்டு, வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு நடந்து வந்து காலில் விழுந்தபோது, அந்த அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "இத்தனை வருஷம் எங்கே போயிருந்தே" என்று கேட்கவில்லை. தூக்கி நிறுத்தி, திருநீறு கொடுத்து, விடிவதற்கு முன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். பாட்டு பிறந்தது, சூலை தீர்ந்தது.

உடனே சிலர், "அப்போ வலிக்குத் திருநீறு போதும், மாத்திரை வேண்டாம்னு சொல்ல வர்றியா" என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் பாட்டிக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. முதல் பத்து நாள் அந்த வலிமாத்திரை இல்லையென்றால் அவர் பாத்ரூம்வரைகூட நடந்திருக்க முடியாது. புற்றுநோயில் கிடக்கிறவர்களுக்கு மோர்ஃபின் ஒரு வரம். கேரளாவில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் என்பவர், 'பாலியம் இந்தியா' அமைப்பைத் தொடங்கியவர், வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்காகவே செலவழித்தார். 1985-இல் வந்த இந்தியப் போதைப்பொருள் சட்டம் அவ்வளவு இறுக்கமாக இருந்ததால், கடைசி நிலை நோயாளிக்குக்கூட மோர்ஃபின் கிடைக்காமல் போனது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த இடைப்பட்ட வருஷங்களில் எத்தனை பேர் துடித்துச் செத்திருப்பார்கள்? ஆகவே மாத்திரையைத் திட்டி நான் எழுத வரவில்லை. என்னைத்தான் திட்டிக்கொள்ளப் போகிறேன்.

மறைத்த விஷயம் இதுதான்.

பாட்டிக்குக் கொடுத்த மாத்திரை டிரமடால். பச்சையும் மஞ்சளுமாகக் கேப்ஸ்யூல், ஒவ்வொன்றும் 50 மில்லிகிராம். பாட்டி கொஞ்சம் தேறியதும், "இது தலை சுத்துதுப்பா, வேணாம்" என்று நிறுத்திவிட்டார். மிச்சம் இரண்டு அட்டை. சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் கிடந்தது. என் நண்பன் ஒருத்தன், பெயர் வேண்டாம், ஃபுட்சால் ஆடும்போது முழங்காலைத் திருகிக்கொண்டான். தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு மாசம். காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தான், அவன் அம்மாவுக்காக. "மச்சான், கால் தாங்கல, எதாவது இருக்கா" என்று கேட்டான். நான் டின்னைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். புண்ணியம் என்றுகூட நினைத்திருப்பேன்.

அவன் விரதம் இருந்தான், 48 நாள். மாத்திரையும் போட்டான். இரண்டாவது அட்டையும் போனது. நம்ம மலைக்கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படி. அவன் காவடியோடு அத்தனையும் ஏறினான். உருமி மேளம், வேல் வேல் சத்தம், கூடவே நாங்கள். "வலிக்கவே இல்லைடா" என்று இறங்கி வந்து சொன்னான். நாங்கள் முருகன் அருள் என்று சொல்லிக் கட்டிப்பிடித்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள்ளே ஒரு மாதிரி இருந்தது, ஆனால் வாயைத் திறக்கல.

முழங்கால் உள்ளே பாதி கிழிந்திருந்த தசைநார், அந்தப் படிகளில் முழுசாகக் கிழிந்தது. இது பிறகு ஸ்கேனில் தெரிந்தது.

நாங்கள் படிக்கிற பாடத்தில் சென்சார் என்று ஒன்று உண்டு. இயந்திரம் சூடாகிறது என்று சொல்வதற்கு ஒரு சென்சார், தீப்பிடித்தால் கத்துவதற்கு ஒரு அலாரம். அலாரம் தொல்லை பண்ணுகிறதே என்று வயரைப் பிடுங்கினால் சத்தம் நிற்கும், தீ நிற்காது. வலி உடம்பின் அலாரம். டாக்டர் அதைக் குறைக்கும்போது, தீ எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் குறைக்கிறார். நான் தீயைப் பார்க்காமல் வயரைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நம்ம மூளை தானாகவே வலி குறைக்கிற பொருளைச் சுரக்கிறது. வெளியிலிருந்து தினமும் வந்து கொட்டினால், "சரி, நமக்கு வேலை இல்லை" என்று அது சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். வாங்கி உணர்கிற இடங்களும் மந்தமாகும். முன்பு ஒன்று செய்த வேலைக்கு இப்போது இரண்டு வேண்டும். நிறுத்தினால் பழைய வலி மட்டும் வராது, வட்டியோடு வரும். தூக்கம் போகும், வேர்க்கும், எரிச்சல் வரும். என் நண்பன் போதைக்காக ஆரம்பிக்கவில்லை. நிறுத்த முடியாமல் தொடர்ந்தான். வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அப்போது தெரியாதது. டிரமடால் அப்படியே மட்டும் வேலை செய்வதில்லை. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை இன்னும் வலுவான பொருளாக மாற்றுகிறது. அந்த நொதி ஆளுக்கு ஆள் வேறுபடும், பிறவியிலேயே. சிலருக்கு மெதுவாக, சிலருக்கு மிக வேகமாக. கோடெய்ன் கலந்த இருமல் மருந்தும் இதே கதைதான். அதனால்தான் 2017-இல் அமெரிக்க மருந்துத் துறை, 12 வயசுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் கொடுக்கவே கூடாது என்றது. பாட்டிக்குத் தலைசுற்றலாக நின்றது இன்னொருத்தருக்கு மூச்சை நிறுத்தலாம். அளவு மீறினால், அல்லது வேறு சில மருந்தோடு சேர்ந்தால், டிரமடால் வலிப்பும் வரவைக்கும். "நானும் இதே மாத்திரைதான் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று நண்பனுக்குச் சிபாரிசு செய்கிற அண்ணன்மாரே, தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

மலேசியாவில் இந்த மாத்திரைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் பெயரே 'அக்தா ராச்சுன் 1952'. ராச்சுன் என்றால் நஞ்சு. டிரமடால் அதில் பி பிரிவு. டாக்டர் தன் நோயாளிக்குக் கொடுக்கலாம், அல்லது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்தாளர் கொடுக்கலாம். கொடுத்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வேறு யாரும் கொடுக்கக் கூடாது, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். மருந்துச் சட்டத்துக்கு நஞ்சு என்று பெயரா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது.

பாற்கடல் கடைந்தபோது அமுதத்துக்கு முன்னால் வந்தது ஆலகாலம். தேவர் அசுரர் எல்லாரும் ஓடினார்கள். சிவபெருமான் எடுத்து உண்டார். அம்பிகை கழுத்தைப் பிடித்தாள். நஞ்சு உள்ளேயும் இறங்கவில்லை, வெளியேயும் கொட்டவில்லை, கண்டத்தில் நின்றது. திருநீலகண்டம். நாம் இதைப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கேட்கிறோம். எனக்குத் தோன்றுவது இது: வலிமருந்தும் அப்படிப்பட்ட ஒரு நஞ்சுதான். யாராவது ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அது மருந்து. டாக்டரின் சீட்டு, மருந்தாளரின் பூட்டு, அந்தப் பதிவேட்டில் எழுதும் ஒரு வரி, இதெல்லாம் அம்பிகையின் கை. பிஸ்கட் டின்னைத் திறந்தபோது நான் தட்டிவிட்டது அந்தக் கையைத்தான்.

அந்தக் கையைக் காசுக்காகத் தட்டிவிடுகிறவர்கள் வேறு ரகம். என் நண்பனுக்கு என்னிடம் தீர்ந்ததும் டெலிகிராமில் ஒரு 'அண்ணே' கிடைத்தார். முகம் தெரியாது. பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று அந்த அண்ணனுக்கே தெரியுமா என்பது சந்தேகம். தமிழ்நாட்டிலும் இதே வியாதி. சில வருஷங்களாகச் சென்னை, கோவை என்று பல ஊர்களில், தபென்டடால் என்ற வலிமாத்திரையை வெளிமாநிலத்திலிருந்து தருவித்து நம் வயசுப் பிள்ளைகளுக்கு விற்கிறவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே பிள்ளைகள் அதை விழுங்குவதோடு நிற்பதில்லை, ஊசியில் ஏற்றி நரம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்தியா 2018-இல் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வியாபாரம் பக்கத்து மாத்திரைக்குத் தாவியது. 2025 பிப்ரவரியில் பிபிசி வெளியிட்ட செய்தியில், மும்பையைச் சேர்ந்த ஏவியோ என்ற கம்பெனி, எந்த நாட்டிலும் உரிமம் இல்லாத ஒரு தபென்டடால் கலவையை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வந்தது தெரிந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் தெருப்பிள்ளைகள் கையில் அது கிடந்தது. செய்தி வந்தபிறகு இந்திய அரசு அதன் தயாரிப்பையும் ஏற்றுமதியையும் தடுத்தது. உள்ளூர் வாடிக்கைக்குப் பினாங்கும் விலக்கல்ல. இருமல் மருந்தும் கெத்தும் தண்ணியும் எங்கே கிடைக்கும் என்று உங்களில் சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்தத் தீவுக்கு இது புதுசும் இல்லை. பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே இங்கே அபின் குத்தகை முறை வந்துவிட்டது. பீகாரில் விளைந்த அபின் கல்கத்தா வழியாக இங்கே இறங்கும். குத்தகைக்காரர் அரசாங்கத்துக்குப் பணம் கட்டிவிட்டு அதைக் காய்ச்சிக் கூலிக்காரர்களுக்கு விற்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், ரிக்‌ஷா இழுக்கிறவன், ஈயச் சுரங்கத்தில் குனிந்து கிடக்கிறவன், இவர்கள் இன்பத்துக்காகவா புகைத்தார்கள்? முதுகு வலிக்கும். வலி மறந்தால்தான் நாளைக்கு மறுபடி தூக்கலாம். 1910-இல் குத்தகையை ஒழித்து அரசாங்கமே நேரடியாக விற்றது. நம் தாத்தா பாட்டிகளுக்குத் தோட்டத்தில் அபினுக்குப் பதில் கள்ளுக்கடை. கொடுத்த கூலியை அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்ள நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்தத் தலைமுறை சும்மா இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947-இல் நமக்குப் பக்கத்துக் கெடாவில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில், இளைஞர்கள் 'தொண்டர் படை' என்று சேர்ந்து கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். போலீசோடு மோதல் வந்து உயிர்ப்பலியும் ஆனது. ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி அதை முன்னின்று நடத்தியவர். பாலம் தாண்டி ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டினால் பீடோங் வந்துவிடும். இளைஞர் இயக்கம் என்று நாம் சட்டை போட்டுக்கொள்கிறோமே, அவர்களுக்குச் சட்டைகூட ஒழுங்காக இருந்திருக்காது.

சரி, என் கதைக்குத் திரும்பி வருகிறேன். இன்னும் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது, அதுதான் கஷ்டமான பகுதி.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவன் எனக்குப் போன் பண்ணினான். பெயரைப் பார்த்தேன். மறுபடி மாத்திரை கேட்கப் போகிறான் என்று நினைத்து, போனைச் சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். நாலு தடவை வந்தது. காலையில் டெஸ்ட் இருந்தது எனக்கு. அன்று விடியும்போது அவனுக்கு வலிப்பு வந்து, அவன் தங்கை சத்தம் கேட்டு ஓடிவந்து, ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறாள். பிழைத்துக்கொண்டான். பிறகு நான் கேட்டேன், எதுக்குடா கூப்பிட்டே என்று. "பயமா இருந்துச்சு மச்சான், சும்மா பேசணும் போல இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

குருபூசை மேடையில் நின்று திலகவதியார் ராத்திரியில் கதவைத் திறந்த கதையை நான் உருக்கமாகச் சொன்னேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். முன் வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

திலகவதியாரைப் பற்றி இப்போது எனக்கு வேறு மாதிரி புரிகிறது. மடத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னதும் அன்புதான், நடுராத்திரி எழுந்து வந்ததும் அன்புதான். மாத்திரை கேட்டால் இல்லை என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆள் வந்தால் இல்லை என்று சொல்லக் கூடாது. நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன். கேட்டபோது கொடுத்தேன், கூப்பிட்டபோது படுத்துக்கொண்டேன்.

உங்கள் நண்பன் யாராவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால், திடீரென்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்காதீர்கள். கோயிலில் சூடம் அணைக்கச் சொல்லியும் பயனில்லை. உடம்பு பழகிவிட்டதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அது டாக்டர் பார்த்துச் செய்கிற வேலை. அரசாங்க கிளினிக்கில் போய்ச் சொல்லலாம். தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் நடத்தும் சிகிச்சை நிலையங்களில் தானாக வந்து சேர்கிறவர்களை ஏற்றுக்கொள்கிறார்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் யோசிக்காமல் 999. போலீஸ் வருமோ, வீட்டில் தெரியுமோ என்று யோசிக்கிற ஐந்து நிமிஷம் ஒரு உயிருக்குச் சமம். எந்த மருந்து என்ன செய்யும் என்று கேட்க, நம்ம ஊர் யூஎஸ்எம்-இலேயே தேசிய நச்சு மையம் இருக்கிறது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளை அரசு மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஏன் எதற்கு என்று விசாரிக்க மாட்டார்கள். காவடிக் குழுவில் யாராவது அட்டையை நீட்டினால், அவர் எவ்வளவு மூத்த அண்ணனாக இருந்தாலும், கையைக் கட்டிக்கொண்டு "வேண்டாம்ணே" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

பாட்டியிடம் போன மாசம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் சாப்பிட வந்து ரொம்ப நாள் ஆச்சே, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றார். பிஸ்கட் டின் இப்போது காலி. அதில் விபூதிப் பொட்டலங்களை வைத்திருக்கிறார்.

அவனுக்கு முழங்கால் ஆபரேஷனுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. வலி இருக்கிறது. டாக்டர் கொடுத்ததை அவன் தங்கை எண்ணிக் கொடுக்கிறாள், ராத்திரிக்கு ஒன்று. வியாழக்கிழமை அவனுக்குக் கிளினிக்கில் அடுத்த அப்பாயின்ட்மென்ட். எனக்கு அன்றைக்கு லேப் இருக்கிறது, மாற்றிக்கொண்டேன். என் மோட்டாரில்தான் போகிறோம்.